இடப்பக்கத்துச் சிறுநீரகம்

மார்லிஸ் ஹகலாவுக்கு அந்தக் குளிர்காய்ச்சல் வந்தது ஐந்தாவது தடவை. மூன்று போர்வை போர்த்தியும் பல் தந்தியடித்தது. அடிவயிற்றின் வலப்பக்கம், இரண்டு வருஷத்துக்கு முன்னால் வைத்துத் தைத்த சிறுநீரகம் இருக்கும் இடம், விண்விண்ணென்று தெறித்தது. கணவர் ரெய்னோ வண்டியைச் சூடேற்றிவிட்டு வந்து கோட்டை நீட்டினார். அவள் கையை நுழைத்துக்கொண்டே கேட்டாள்:

"பெர்னிக்கு இந்த வருஷம் ஒரு தடவையாவது வந்துச்சா?"

"எந்த பெர்னி?" என்றார் ரெய்னோ, நன்றாகத் தெரிந்துகொண்டே.

"இந்த ஊர்ல எத்தன பெர்னி இருக்கா?"

"வரல போலிருக்கு. நேத்துதான் பெட்ரோல் பங்க்ல பாத்தேன். சிரிச்சுக்கிட்டு நின்னா."

"சிரிப்பா. ஏன் சிரிக்க மாட்டா? இடதுல்ல கெடச்சிருக்கு அவளுக்கு!"

ரெய்னோ வாசல் கதவைத் திறக்கப் போனார். நாற்பது வருஷம் இரும்புச் சுரங்கத்தில் வெடி வைத்தவர். திரி எரியும்போது பக்கத்தில் நிற்கக் கூடாது என்று அவருக்குத் தெரியும்.

இடது வலதுக் கதை இதுதான். மார்லிஸும் பெர்னி ஜுபான்சிச்சும் ஆறு வருஷம் ஒரே டயாலிசிஸ் கூடத்தில், வாரம் மூன்று நாள், பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் படுத்திருந்தவர்கள். ஒரே ரத்தப் பிரிவு. ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மினியாபொலிஸ் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு வீட்டுக்கும் அரைமணி இடைவெளியில் போன் வந்தது. சிறுநீரகம் கொடுத்தது யார் என்று ஆஸ்பத்திரி சொல்லாது. ஆனால் எங்கள் ஊரில் ரகசியம் என்றால் எல்லோருக்கும் தெரிந்ததை ஒருவரும் உரக்கச் சொல்லாமல் இருப்பது. அடுத்தடுத்த அறையில் கிடந்த இரண்டு பெண்களும் மறுநாளே கண்டுபிடித்துவிட்டார்கள். விபத்தில் போன யாரோ ஓர் இளைஞனுடைய இரண்டு சிறுநீரகங்களையும் தாங்கள்தான் பங்கு போட்டிருக்கிறோம் என்று. வாய் தவறிய ஒரு நர்ஸ் மூலம், இடது பெர்னிக்கு, வலது மார்லிஸுக்கு என்பதும் தெரிந்தது.

அதோடு விட்டிருக்கலாம். ரெய்னோ எங்கேயோ படித்துவிட்டு, இடது சிறுநீரகத்தின் ரத்தக்குழாய் நீளம் அதிகம், தைக்கச் சுலபம், டாக்டர்கள் அதைத்தான் விரும்புவார்கள் என்று காப்பி குடிக்கும்போது சொன்னார். வாழ்க்கையில் அவர் படித்துச் சொன்ன ஒரே மருத்துவச் செய்தி அது. சொல்லியிருக்க வேண்டாம்.

ஏனென்றால் நியாயம் என்று ஒன்று இருந்தால், நல்லது மார்லிஸுக்குத்தான் வந்திருக்க வேண்டும். டயாலிசிஸ் கூடத்தில் அவள்தான் முதல் மாணவி. சிறுநீர் பிரியாத உடம்பில் குடித்த தண்ணீரெல்லாம் அப்படியே நிற்கும். அடுத்த முறை இயந்திரம் உறிஞ்சி எடுக்கும்வரை காலிலும் நுரையீரலிலும் கோத்துக்கொள்ளும். அதனால் அளந்துதான் குடிக்க வேண்டும். மார்லிஸ் பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பது வருஷம் முந்நூறு பிள்ளைகளுக்கு அளந்து போட்டவள். தனக்கு அளப்பதா கஷ்டம்? மருந்து ஊற்றும் சின்னக் குவளையில் தண்ணீர். தாகம் எடுத்தால் ஒரு பனிக்கட்டி. சனிக்கிழமை சவுனா என்கிற நீராவி அறையில் கல்லைப் பழுக்கக் காய்ச்சி, பலகையில் உட்கார்ந்து, மிச்சத்தையும் வியர்வையாக வெளியேற்றிவிடுவாள். வெளியே வந்து மற்றவர்கள் பீர் பாட்டிலைத் திறக்கும்போது அவள் உதட்டைத் துடைத்துக்கொள்வாள், அவ்வளவுதான். இரண்டு டயாலிசிஸுக்கு நடுவில் எண்ணூறு கிராமுக்கு மேல் எடை ஏறியதில்லை.

பெர்னி நாலு கிலோ ஏறி வருவாள். பெட்ரோல் பங்கில் விற்கும் வாளி மாதிரியான பிளாஸ்டிக் குவளையில் கோலா. நர்ஸ் திட்டினால், "வீட்டுல கருவாடு ஜாஸ்தியாயிடுச்சு கண்ணு" என்று ஏதாவது புளுகுவாள். நாற்காலியில் கால் பிடித்து இழுக்கும், கத்துவாள், அடுத்த வாரம் அதே வாளி.

அவளுக்குத்தான் இடது. ரத்தத்தில் தேங்கும் கழிவைக் காட்டும் கிரியாட்டினின் அவளுக்கு ஒன்று. மார்லிஸுக்கு ஒன்று புள்ளி இரண்டில் ஆரம்பித்து, ஒவ்வொரு காய்ச்சலுக்கும் ஒரு படி ஏறி, இப்போது ஒன்று புள்ளி ஒன்பது. எண் குறையக் குறைய நல்லது என்ற இந்த விசித்திரப் பரீட்சையில், ஆறு வருஷம் முதலாவதாக வந்தவள் பெயிலாகிக்கொண்டிருந்தாள்.

இந்தத் தடவை பத்து நாள் நரம்பில் மருந்து ஏற்றினார்கள். காய்ச்சல் இறங்கியதும் டாக்டர் ஹிருத் அபேபே ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்தார். மூன்று நாள், குடித்தது எவ்வளவு, போனது எவ்வளவு, எந்த நேரத்தில், எல்லாம் எழுத வேண்டும். வழக்கமாக வீட்டில் எப்படியோ அப்படி.

மார்லிஸுக்கு உள்ளூர சந்தோஷம். கடைசியில் யாரோ அவளுடைய திறமையைக் கேட்கிறார்கள். வீட்டுக்குப் போய் ஒரு துளி கூட்டாமல் குறைக்காமல், அழகான கையெழுத்தில் எழுதி, அடுத்த வாரம் கொண்டுபோய் மேஜைமேல் வைத்தாள்.

டாக்டர் படித்தார். மறுபடி முதலிலிருந்து படித்தார்.

"மார்லிஸ், ஒரு நாளைக்கு எழுநூறு மில்லிதானா?"

"சனிக்கிழமை ஐநூறு. அன்னிக்கு சவுனா." பெருமையை அடக்கிக்கொண்டு சொன்னாள்.

"சவுனாவுக்கு அப்புறம் தண்ணி?"

"ஒரு பனிக்கட்டி."

"நாளைக்கு மூணு தடவைதான் பாத்ரூம் போயிருக்கீங்க. ஞாயித்துக்கிழமை ரெண்டு."

"கோயில்ல ஒக்காந்துட்டா எழுந்திரிக்கறது மரியாத இல்ல. வெளி எடத்துலயும் நான் போறதில்ல டாக்டர். அடக்கிக்குவேன். எனக்குப் பழக்கம்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "இது டயாலிசிஸ்ல இருக்கறவங்க எழுத வேண்டிய நோட்டு. அங்க இதுக்கு நூத்துக்கு நூறு போடுவேன். இங்க முட்டைதான் போட முடியும்."

முப்பது வருஷப் பள்ளிக்கூட வாசத்தில் மார்லிஸ் முட்டையை வேக வைத்திருக்கிறாளே தவிர வாங்கியதில்லை.

"ஆகஸ்ட் மாசம் உங்க ஊர் ஏரி ஓரத்துல பச்சையா படியுதே, ஓடற ஆத்துல படியுதா? உங்க சிறுநீர்ப் பையில மணிக்கணக்கா தேங்கி நிக்குது. கிருமி குடித்தனம் பண்ணுது. அங்கிருந்து மேல ஏறிச் சிறுநீரகத்துக்குப் போகுது."

"அப்ப வலதுங்கறதால இல்லயா?"

"எது வலது?"

மார்லிஸ் தயங்கித் தயங்கிச் சொன்னாள். டாக்டர் சிரிக்காமல் இருக்கக் கஷ்டப்பட்டார். "இடமோ வலமோ, பெரும்பாலும் நாங்க எல்லாத்தையும் வலது பக்கம்தான் வெக்கறோம். உங்க சிறுநீரகத்து மேல ஒரு குத்தமும் இல்ல."

அதைவிடக் கொடூரமான நல்ல செய்தியை அவள் கேட்டதில்லை.

பிறகு டாக்டர் சிரிப்பை விழுங்கிவிட்டு வைத்தியத்தைச் சொன்னார். ஆறு மாதம் தினம் படுக்கும்போது ஒரு சின்ன மாத்திரை. நாளைக்கு மூன்று லிட்டர் தண்ணீர். மூன்று மணிக்கு ஒரு தடவை, வந்தாலும் வராவிட்டாலும் போக வேண்டும். போனபின் ஐந்து நிமிஷம் உட்கார்ந்திருந்து இன்னொரு முறை. "ஒவ்வொரு காய்ச்சலுக்கும் உள்ள ஒரு தழும்பு விழுது, மார்லிஸ். மாத்திரை மட்டும் காப்பாத்தாது. இன்னும் ரெண்டு தடவ வந்தா, மறுபடி அந்த நாற்காலிதான்."

அந்த நாற்காலி இன்னும் டயாலிசிஸ் கூடத்து ஜன்னலோரத்தில்தான் இருந்தது. மார்லிஸுக்கு அதன் ரெக்சின் வாசனைகூட நினைவிருந்தது.

வீட்டுக்கு வந்து குடிக்க உட்கார்ந்தாள். முதல் தம்ளர் போயிற்று. இரண்டாவது, மருந்து மாதிரி. மூன்றாவதில் தொண்டை கதவைச் சாத்திக்கொண்டது. ஆறு வருஷம் பூட்டப் பழக்கிய கதவு. எஜமானியே வந்து தட்டினாலும் திறக்கவில்லை. நாலு நாள் முயன்றும் ஒரு லிட்டரைத் தாண்டவில்லை. ஐந்தாம் நாள் குடித்ததெல்லாம் பாத்திரம் கழுவும் தொட்டியில் வாந்தியாகத் திரும்பி வந்தது.

"பெர்னியக் கேளேன்," என்றார் ரெய்னோ.

"செத்தாலும் கேக்க மாட்டேன்."

"கேக்காட்டி என்ன ஆகும்னு டாக்டர்தான் சொன்னாங்களே."

மறுநாள் காலை மார்லிஸ் ருபார்ப் என்கிற புளிப்புத் தண்டு போட்டு ஒரு தட்டு கேக் செய்து, மூடி, பெர்னி வீட்டு மணியை அடித்தாள். வெறுங்கையோடு போனால் உதவி கேட்க வந்ததாகிவிடும். கேக்கோடு போனால் கேக் கொடுக்க வந்ததாகும்.

"அடியேய், மார்லிஸா! உள்ள வா, உள்ள வா. ஒரு நிமிஷம், போயிட்டு வந்துடறேன்." உள்ளே தண்ணீர் இழுக்கும் சத்தம் கேட்டது, கொஞ்சமும் கூச்சமில்லாமல். பெர்னி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். கன்னம் சிவந்திருந்தது. குளிர்பெட்டிக் கதவில் தேவாலயச் சீட்டு ஒன்று ஒட்டியிருந்தது. மாதாமாதம் பெயர் தெரியாத அந்த இளைஞனுக்காகப் பூசை வைக்கிறாளாம். "நம்ம பையனுக்கு," என்றாள், மார்லிஸ் பார்ப்பதைப் பார்த்து. மார்லிஸுக்கு அது தோன்றியதே இல்லை. அதற்கும் ஒரு புகைச்சல் கிளம்பியது.

"பெர்னி, நீ தண்ணிய எப்படிக் குடிக்கற?"

"வாயாலதான்டி." கடகடவென்று சிரித்தவள், மார்லிஸின் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். "என்ன ஆச்சு?"

மார்லிஸ் சொன்னாள். நோட்டு, முட்டை, நாற்காலி எல்லாம். சொல்ல நினைக்காத ஒன்றும் வாயில் வந்துவிட்டது: மாற்று ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பும் வழியில், ஆறு வருஷமாக வேலையில்லாமல் சுருங்கிக் கிடந்த பை தாங்காமல், காரின் சீட்டிலேயே போய்விட்டது. ரெய்னோ வண்டியை ஓரம் கட்டினார். அவரே சுத்தம் செய்தார். அன்று முடிவு செய்தாள், இனி அளவோடு என்று.

"இவ்வளவுதானா?" என்றாள் பெர்னி. "எனக்குக் கோயில்லயே ஆயிருக்கு. பூச நடுவுல. பாதிரியார் பாத்துட்டு, பாக்காத மாதிரி மேல பாத்தாரு பாரு, பாவம். ஒனக்கு வெக்கம்தான்டி மொத வியாதி. கிருமி அதுக்கப்புறம்." அலமாரியைத் திறந்து இன்னொரு வாளிக் குவளையை எடுத்தாள். "பச்சத் தண்ணி. ஐஸ் கூடாது, தொண்ட அடைக்கும். உக்காந்து குடிச்சா குடிக்க முடியாது. நட. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வாய். இந்தப் பக்கத்துல இருக்கற எல்லாக் கடைக் கக்கூஸும் எனக்குத் தெரியும், பட்டியல் தர்றேன். தூண்டில் கடையில மட்டும் போயிடாத."

இரண்டு பேரும் சமையலறையைச் சுற்றிச் சுற்றி நடந்தார்கள்.

"ஒன்னு சொல்லட்டா?" என்றாள் பெர்னி, நாலாவது சுற்றில். "அந்தக் கூடத்துல ஒவ்வொரு தடவயும் நர்ஸ் ஒன் எடையப் பாப்பா, அப்புறம் என்னப் பாப்பா. 'மார்லிஸப் பாரு, எண்ணூறு கிராம். நீ என்ன, ஏரியவே குடிச்சுட்டு வந்தியா?' ஜன்னலோர நாற்காலியும் ஒனக்குத்தான். ஒன்னக் கொன்னுடலாமான்னு வரும்."

"நெசமாவா?"

"சத்தியமா. வயிறு பத்தி எரியும்."

"எப்பயாவதா?"

"ஆறு வருஷமும்."

மார்லிஸ் தன்னை அறியாமல் குவளையைக் காலி செய்திருந்தாள். பல மாதங்களில் அவளுக்கு இவ்வளவு இனிப்பாக எதுவும் இறங்கவில்லை.

அன்று முதல் தினம் காலை எட்டு மணிக்குப் பெர்னியின் போன் வரும். "நேத்து எவ்வளவு?" "ரெண்டு லிட்டர்." "அவ்வளவுதானா? நான் மூணு." வெறும் சிநேகமாக இருந்திருந்தால் இரண்டு வாரத்தில் சலித்திருக்கும். மார்லிஸுக்கு பெர்னியைப் பிடித்துவிட்டது என்று சொன்னால் பொய். தோற்கப் பிடிக்கவில்லை. தேவாலயத்தில் மூன்றாவது வரிசையிலிருந்து, பிரசங்கம் உச்சத்தில் இருக்கும்போது, கடிகாரம் பார்த்து எழுந்தாள். பலகை கிறீச்சிட்டது. போதகர் பேச்சை நிறுத்தினார். எண்பது தலைகள் திரும்பின. நிமிர்ந்து நடந்துபோய், ஐந்து நிமிஷம் உட்கார்ந்து, இரண்டாம் முறையும் முடித்து, அதே நிமிர்வோடு திரும்பி வந்தாள். சவுனாவை விடவில்லை, அது மதத்தைவிட ஆழமான விஷயம். ஆனால் பலகையில் அவளுக்குப் பக்கத்தில் இப்போது ஒரு வாளிக் குவளையும் உட்கார்ந்து வியர்த்தது.

எட்டு மாதம் காய்ச்சல் வரவில்லை. மாத்திரையை நிறுத்தி இரண்டு மாதம் ஆகியும் வரவில்லை. பரிசோதனைக்கு இருவரையும் ஒரே வண்டியில் ரெய்னோ கூட்டிப்போனார். மூன்றரை மணி நேர வழி, ஏழு இடத்தில் நிறுத்தியதில் ஐந்தாயிற்று.

"சுத்தமா இருக்கு," என்றார் டாக்டர். "கிருமி இல்ல. ஒன்னு புள்ளி நாலு. பழைய தழும்பு போகாது. ஆனா இது நிக்கும். நாற்காலிய மறந்துடுங்க."

மார்லிஸின் கண் நிறைந்தது. துடைத்துக்கொண்டு, "அவளுக்கு எவ்வளவு?" என்றாள்.

"அத நான் சொல்லக் கூடாது."

பெர்னி வண்டி நிறுத்துமிடத்தில் காத்திருந்தாள். "ஒனக்கு என்ன?"

"ஒன்னு புள்ளி நாலு."

"ஆகா! எனக்கு ஒன்னு புள்ளி அஞ்சு. நீ ஜெயிச்சுட்டடி!" என்று தோளில் தட்டினாள்.

பெர்னியின் பையிலிருந்து பரிசோதனைத் தாள் பாதி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. மார்லிஸுக்குக் கிட்டத்தில்தான் கண் மங்கல், தூரத்தில் கழுகு. தாளில் இருந்தது ஒன்று புள்ளி பூஜ்யம்.

காரில் ஏறினாள். முப்பது மைல்வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். சிறுநீரகமும் அவளுடையதுதான் நல்லது, மனசுமா? இதற்கும் சேர்த்து இனி வயிறெரிய வேண்டும்.

"என்னடி உம்முன்னு வர்ற?" என்றாள் பெர்னி பின்சீட்டிலிருந்து.

"ஒன்னுமில்ல. அந்தப் பூசைக்குப் பேர் குடுக்கறதுன்னா எங்க குடுக்கணும்?"

"நீதான் லுத்தரன் ஆச்சே! ஒங்க கோயில்ல செத்தவங்களுக்குப் பூச கெடையாதே!"

"பையன் எனக்கும் பாதிதான். அடுத்த மாசம் நான் வெக்கறேன்," என்றாள் மார்லிஸ். குவளையை எடுத்து ஒரு மடக்குக் குடித்தாள். பிறகு கணவரின் கையைத் தட்டினாள். "ரெய்னோ, அடுத்த பங்க்ல நிறுத்து."

"எனக்கும்," என்றாள் பெர்னி.

"நான்தான் மொதல்ல சொன்னேன்," என்றாள் மார்லிஸ்.