வெறும் பூவும் சிவப்பு வண்டும்

அரியலூர் டிப்பர் லாரி ஸ்டாண்டில் பாவாடையைத் தெரியாதவர்கள் கிடையாது. சுரங்கத்துக்கும் சிமெண்ட் ஆலைக்குமாகச் சுண்ணாம்புக்கல் ஓட்டியே பாதி ஆயுளைக் கழித்தவன். ஐம்பதைத் தொட்டபோது இடுப்புத் தட்டு தேய்ந்துவிட்டது. இனி ஸ்டியரிங்கைத் தொட்டால் படுத்த படுக்கைதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகுதான் நம் ஆளுக்கு விவசாய ஆசை வந்தது. அவனுடைய அப்பன், பாட்டன் எல்லாம் ஊரார் காட்டில் கூலிக்குக் களை வெட்டியவர்கள். சொந்தமாக ஒரு குழி வெட்டி விதை போட்ட ஆள் அந்த வம்சத்திலேயே இல்லை. ஆனால் அதையெல்லாம் யோசிக்கிற பழக்கம் பாவாடைக்கு எந்தக் காலத்தில் இருந்தது?

காடு மனைவி ஆண்டாயியுடையது. வாலிகண்டபுரத்துக்கு அந்தப் பக்கம், அவள் அம்மா வழியில் வந்த மானாவாரி நிலம், பிற்பாடு போட்ட ஒரு போர் கிணற்றோடு. அவளுடைய அண்ணன் அண்ணாதுரைதான் விளைச்சலில் பங்கு கொடுத்து வருசக்கணக்கில் வாரத்துக்கு உழுதுகொண்டிருந்தார். புருஷன் கெஞ்சிய கெஞ்சலில் ஆண்டாயி அண்ணனிடம் பேசி நிலத்தைத் திருப்பி வாங்கினாள். வாங்கும்போதே கறாராகச் சொல்லியும் விட்டாள்.

"ஒரே ஒரு வெள்ளாமை. வந்தா பாருங்க. வரலைன்னா காட்ட அண்ணன்கிட்டயே வுட்டுட்டு வேற பொழப்பப் பாத்துக்குங்க."

வேறு பொழப்பு என்றால் பாவாடைக்கு லாரி ஒன்றுதான் தெரியும். லாரி முதலாளி செல்லதுரையும் பார்க்கும்போதெல்லாம், "சீட்டு காலியாத்தான் கெடக்கு" என்று ஆசை காட்டிக்கொண்டிருந்தார். ஆக, இந்த ஒரு வெள்ளாமையில்தான் அவன் இடுப்பு பிழைப்பதும் முறிவதும் இருந்தது.

என்ன போடுவது என்பதில் மட்டும் அவனுக்குக் குழப்பமே இல்லை. வெள்ளைப் பூசணி! ஆயுத பூஜையன்று அந்த வட்டாரத்தில் ஓடுகிற ஒவ்வொரு லாரிக்கும் ஒரு பூசணிக்காய் சுற்றி உடைத்தாக வேண்டும். ஆடி பிறப்பதற்கு முன்பே விதையை ஊன்றிவிட்டு, ஸ்டாண்டுக்குப் போய், "இந்த வருசம் எல்லா வண்டிக்கும் நம்ம காட்டுக் காய்தான். எவனும் வெளியில வாங்கக் கூடாது, ஆமா" என்று உத்தரவு போட்டுவிட்டு வந்தான்.

கொடி நன்றாகத்தான் ஓடியது. பூவும் வைத்தது. காலையில் பார்த்தால் காடே மஞ்சள் மஞ்சளாக விரிந்து கிடந்தது. பாவாடை செல்போனில் படம் எடுத்து ஊரெல்லாம் அனுப்பினான்.

பூவைத் தேடி வண்டு வந்தது. நெல் மணியைவிடக் கொஞ்சம் பெரிய சிவப்பு வண்டு. இதழை அரித்து, நடுவில் இருக்கும் மகரந்தப் பொடியையும் தின்றுவிட்டு, பூவைச் சல்லடையாக்கிவிட்டுப் போனது. மருந்தடிக்கலாம் என்று உற்றுப் பார்த்தால் அதே பூவுக்குள் தேனீயும் உருண்டுகொண்டிருந்தது. ஒருத்தன் தின்கிறான், பக்கத்திலேயே இன்னொருத்தன் உடம்பெல்லாம் பொடியைப் பூசிக்கொண்டு கிளம்புகிறான். இரண்டு பேரும் சண்டை கூடப் போட்டுக்கொள்ளவில்லை. தேனீ இல்லாமல் காய் இல்லை என்கிற அளவுக்குப் பாவாடைக்கும் தெரியும். தெரிந்ததே வினையாகப் போயிற்று, மருந்து டப்பாவைத் திறக்கக் கை வரவில்லை.

பெரம்பலூர் மருந்துக் கடைக்காரர் மஞ்சள் ஒட்டு அட்டைகளைக் கொடுத்தார். மஞ்சளைக் கண்டால் வண்டு பூவென்று நினைத்து வந்து ஒட்டிக்கொள்ளுமாம். மறுநாள் போய்ப் பார்த்தால் வண்டும் ஒட்டியிருந்தது, தேனீயும் ஒட்டியிருந்தது. உயிரோடு இருந்த ஒரு தேனீயை ஈர்க்குச்சியால் எடுத்துவிடப் போய், கட்டை விரலில் கொட்டு வாங்கினான். வீங்கிய விரலோடு நேராகக் கடைக்கே போனான்.

"தேனீ ஏங்க ஒட்டுது?"

"அதுக்கும் மஞ்சள் புடிக்கும்லங்க."

"அப்ப தேனீக்கு மட்டும் புடிச்சி, வண்டுக்குப் புடிக்காத கலரு அட்டை இருந்தா குடுங்க."

கடைக்காரர் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார். அட்டைகளைப் பிடுங்கி எறிந்துவிட்டு பாவாடை காட்டுக்குள் நடந்து நடந்து யோசித்தான். பூவில் இரண்டு சாதி இருப்பது அப்போதுதான் கண்ணில் பட்டது. ஒன்றின் அடியில் மயிர் படர்ந்த குட்டிப் பிஞ்சு இருந்தது. மற்றதில் வெறும் காம்புதான். வெறும் பூதான் ஏராளம். பொடியும் மணமும் அதில்தான், வண்டுக் கூட்டமும் பெரும்பாலும் அதில்தான்.

பாவாடைக்கு மூளையில் பளிச்சென்று ஒரு விளக்கு எரிந்தது. மார்கழி மாதம் பெண்டுகள் கோலத்தின் நடுவில் சாணி உருண்டை பிடித்து அதில் பரங்கிப் பூ செருகுகிறார்களே, அவர்கள் பறிப்பதும் பிஞ்சில்லாத பூவைத்தானே? அதனால் எந்தக் கொடி காய்க்காமல் போயிற்று? வெறும் பூ என்பது வண்டுக்கு வைக்கிற விருந்து, அதை எடுத்துவிட்டால் வண்டுக்கு இங்கே என்ன வேலை?

தினமும் வெயில் ஏறுவதற்குள் கூடை கூடையாகப் பறித்து மாட்டுக்குப் போட்டான். ஆண்டாயி பார்த்துவிட்டு, "எல்லாத்தையுமா பறிக்கிறீங்க? கோலத்துக்கு ஆளுக்கு நாலு பூதாங்க எடுப்போம்" என்றாள்.

"நாலு எடுத்தா தப்பில்ல, எல்லாம் எடுத்தா தப்பா? போடி, வேலையப் பாரு" என்றான் அவன்.

வண்டு குறைந்தது. பாவாடைக்குத் தலைகால் புரியவில்லை. தேனீயும் குறைந்ததை அந்தச் சந்தோசத்தில் அவன் கவனிக்கவே இல்லை. பிறகு பிஞ்சுகள் ஒவ்வொன்றாக மஞ்சளடித்து, வெம்பி, உதிர ஆரம்பித்தன. தண்ணீர் போதவில்லை என்று கூடுதலாகப் பாய்ச்சினான். தண்ணீர் அதிகமாகிவிட்டது என்று நிறுத்திப் பார்த்தான். யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று வேலியில் பழைய செருப்பைக் கட்டினான். ஊருக்கெல்லாம் திருஷ்டி கழிக்கப்போகிற காய்க்கே திருஷ்டி! அதைச் சொல்லி அழுவதா, சிரிப்பதா என்று அவனுக்குத் தெரியவில்லை.

மச்சான் அண்ணாதுரை ஒருநாள் வரப்பில் நின்று, "காடு சுத்தமா இருக்கு மாப்ள. காயத்தான் காணோம்" என்றுவிட்டுப் போனார். அன்றைக்குப் பாவாடைக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த எரிச்சலில் வேலியோரம் நடந்தவன் அப்படியே நின்றான். நாலைந்து கொடிகள் கருவேல முள்ளின் மேல் ஏறியிருந்தன. முள்ளுக்குப் பயந்து அங்கே அவன் பூப் பறித்ததில்லை. அங்கே ஒரு பூ உருப்படியாக இல்லை, எல்லாமே வண்டு தின்ற சல்லடை. அதற்கு நடுவில் ஆள் தலை அளவுக்குக் காய்கள் தொங்கின. பாவாடை கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தான். வண்டு தின்ற இடத்தில் காய் இருக்கிறது, சுத்தமாக வைத்த இடத்தில் ஒன்றுமில்லை. அப்படியானால் வண்டுதான் காய்க்க வைக்கிறதா? தலையே சுற்றியது.

மறுநாள் காலையில் ஆண்டாயியையும் இழுத்துக்கொண்டு போய் வேலியோரம் உட்கார்ந்தான். தேனீ, வண்டு இருக்கிற வெறும் பூவில் புகுந்து, பொடியோடு வெளியே வந்து, பிஞ்சுப் பூவுக்குள் போனது. இன்னொன்றும் அப்படியே செய்தது.

"இதுல இருக்கிற பொடி அதுல போயி ஒட்டுனாத்தான் காய் புடிக்கும்போல இருக்கு" என்றாள் ஆண்டாயி. "நீங்க இதப் பூராவும் மாட்டுக்குல்ல போட்டீங்க."

பாவாடைக்கு அவமானமாக இருந்தது. அன்றோடு பூப் பறிப்பதை விட்டான். தேனீ திரும்பியது, கூடவே வண்டும் திரும்பியது, முன்னைவிட ஆவேசமாக. பாதிப் பூவை அது தின்றது, மீதியில் பிஞ்சு பிடித்தது. ஆனால் காலம் கடந்துவிட்டது. ஆயுத பூஜைக்கு வேலியோரக் காய்கள் மட்டுமே தேறின. ஸ்டாண்டுக்கு ஒரு மினி ஆட்டோவில் கொண்டுபோனான். அதுவும் நிறையவில்லை. பாதி லாரிக்காரர்கள் வெளியில் வாங்கிய காயைத்தான் உடைத்தார்கள். செல்லதுரை வண்டிக்குக் குங்குமம் வைத்துக்கொண்டே, "என்ன பாவாடை, சீட்டத் தொடைச்சி வைக்கச் சொல்லவா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள், பாவாடையும் சிரித்து வைத்தான்.

சாயங்காலம் காட்டுக்கு வந்தால் அண்ணாதுரை ஆண்டாயியோடு வரப்பில் நின்றிருந்தார். எதற்கு வந்திருக்கிறார் என்று சொல்லவா வேண்டும்?

"கோவிச்சுக்காதீங்க மாப்ள. அடுத்த வெள்ளாமைக்கும் இதே வண்டு வரும். மருந்தடிச்சா தேனீ சாவும். பூவப் பறிச்சா காய் வராது. சும்மா வுட்டா வண்டு தின்னும். நீங்க என்னதான் பண்ணப் போறீங்க, சொல்லுங்க?"

பாவாடை காட்டைப் பார்த்தான். காலையில் விரிந்த பூவெல்லாம் வதங்கித் தொங்கின. என்னென்னவோ சொல்லத் தோன்றியது. சொன்னால் எதுவும் நிற்காது என்றும் தோன்றியது.

"தெரியல மச்சான்" என்றான்.

ஆண்டாயி சட்டென்று திரும்பிப் பார்த்தாள். லாரி வழி தப்பி ஏரிக்குள் இறங்கியபோதுகூட, குறுக்கு வழி என்று சாதித்த மனுசன் அவன். கல்யாணமான நாளிலிருந்து அந்த ஒரு வார்த்தை அவன் வாயிலிருந்து வந்து அவள் கேட்டதில்லை.

"அண்ணே, நீ வூட்டுக்குப் போ" என்றாள். "அடுத்த வெள்ளாமையும் இவருதான் போடுறாரு."

அண்ணாதுரை முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டார். காடு கைவிட்டுப் போகவில்லை, லாரியும் ஏற வேண்டியதில்லை. பாவாடைக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால், தெரியாது என்று சொன்னதற்கு இவள் ஏன் காட்டைக் கொடுத்தாள் என்பது அவனுக்கு அன்றைக்கும் புரியவில்லை, இன்றைக்கும் புரியவில்லை.