சாச்சா கேட்காத கேள்வி

என் மகளின் நிக்காஹுக்கு முந்தைய வாரம், சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் ஒரு மாடி அறையில் என் கொழுந்தனார், அவளுடைய சாச்சா, சொற்பொழிவாற்றினார். பெண்ணுரிமை பற்றிய பன்னாட்டு ஒப்பந்தங்கள் முஸ்லிம் நாடுகளின் அடையாளத்தை எப்படி அழிக்கின்றன என்பது தலைப்பு. அவர் எந்த ஒப்பந்தத்தையும் படித்தவரல்லர். அதனால்தான் அவ்வளவு சரளம். "பொண்ணோட சம்மதம் கேக்காம நம்மகிட்ட நிக்காஹ் கிடையாது. இத ஐ.நா. வந்து சொல்லிக் கொடுக்கணுமா?" என்றார். கைதட்டினார்கள். நானும் தட்டினேன். சொன்னது உண்மைதானே.

என் கணவர் உயிரோடு இல்லாததால், மகளை மணமுடித்துக் கொடுக்கும் பொறுப்பு கொழுந்தனாருக்குப் போனது. பெருநாளுக்குப் பெருநாள் எட்டிப் பார்த்தவருக்கு அந்த இடம் உண்டு. வளர்த்துப் படிக்கவைத்த எனக்கு இல்லை. அதுவும் அடையாளம்தானாம்.

நிக்காஹ் தெம்பனிஸில் ஒரு மண்டபத்தில் நடந்தது. எங்கள் வழக்கப்படி அவர் இரண்டு சாட்சிகளுடன் உள்ளறைக்கு வந்து, மாப்பிள்ளை பெயரும் அவர் பெண்ணுக்குத் தரும் மஹரும் சொல்லிப் பெண்ணிடம் சம்மதம் கேட்க வேண்டும். அவரோ கதவருகே நின்று, மேக்கப் முடிந்ததா என்று கேட்டார். மகள் தலையசைத்தாள். திரும்பிப் போய், பெண் சம்மதித்துவிட்டாள் என்று மைக்கில் அறிவித்தார்.

மகள் எழுந்தாள். வேண்டாம் என்று நான் கையைப் பிடித்தும் அறை வாசலுக்குப் போய்விட்டாள்.

"சாச்சா, மேக்கப் முடிஞ்சிடுச்சான்னுதான் கேட்டீங்க. அதுக்குத்தான் தலையாட்டுனேன்."

"பொண்ணு தலையாட்டினா சம்மதம்தான்லா. வெக்கத்துல வேற என்ன சொல்லும்?"

"எனக்கு வெக்கம் இல்ல சாச்சா. கேளுங்க, சொல்றேன்."

மாப்பிள்ளையின் தாயார் கைப்பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். எனக்கு உயிரே இல்லை. இந்தப் பையனுக்காக எத்தனை வரன்களைத் தட்டிக்கழித்தவள் இவள். இப்போது அவர்கள் எழுந்து போய்விட்டால்? நிக்காஹை நடத்திவைக்க வந்த காஜி பேனாவைக் கீழே வைத்தார். மறுபடியும் போய்க் கேட்டு வரச் சொன்னார், மிகவும் மரியாதையாக.

அடையாளத்தின் காவலர் உள்ளே வந்தார். மைக் இல்லாத அவர் குரல் எவ்வளவு சிறியது என்று அன்றுதான் தெரிந்தது. பெயர் சொன்னார், மஹர் சொன்னார், கேட்டார். மகள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

"சம்மதம். இப்பப் போய்ச் சொல்லுங்க சாச்சா."

பந்தியில் எனக்கு ஒரு வாய் சோறு இறங்கவில்லை. எதிரே கொழுந்தனார், இந்தக் காலத்துப் பெண்களுக்கு அடக்கம் இல்லை என்று சம்பந்தியிடம் விளக்கியபடி, இரண்டாம் முறை பிரியாணி வாங்கிக்கொண்டிருந்தார்.