சண்முகையா தேடிக் கொடுத்த ஊர்கள்

சங்கரன்கோவிலில் தறி நெய்கிறவர்களுக்குப் பஞ்சமே இல்லை. தறியைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஊர் தேடப் போகிறவர் சண்முகையா ஒருவர்தான். தன் ஊரை இல்லை, அடுத்தவர் ஊரை. ஆடித்தபசு முடிந்து கூட்டம் கலைந்த பிறகு, வெள்ளாமை செழிக்க வேண்டிச் சம்சாரிகள் சப்பரத்தின் மேல் எறிந்த பருத்தி மட்டும் ரதவீதியில் காற்றோடு எழும்பி எழும்பி விழுந்துகொண்டிருக்கும். அந்த நேரம் பார்த்துத்தான் அவர் கிளம்புவார். கூட்டத்தில் கை நழுவிப் போனவர்கள், எதற்கு வந்தோம் என்பதையே மறந்துவிட்ட வயசாளிகள், சித்தம் தெளியட்டும் என்று அம்மனிடம் கூட்டி வந்து அப்படியே விட்டுவிட்டுப் போகப்பட்டவர்கள் என்று யாராவது ஒரு மூலையில் குத்தவைத்து உட்கார்ந்திருப்பார்கள். அவர்களை எழுப்பி, இட்லி வாங்கிக் கொடுத்து, பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிக்கொண்டு போவார்.

அங்கே போய் ஒன்றுமே கேட்கமாட்டார். ஊர் எது, பேர் எது என்று குடைந்தால் பாவம், மிச்சமிருக்கிற ஞாபகமும் ஓடி ஒளிந்துகொள்ளும் என்பார். பெஞ்சில் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டுச் சும்மா இருப்பார். கண்டக்டர்கள் கூப்பிடுவார்கள். கரிவலம், ராஜபாளையம். புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி. மேலநீலிதநல்லூர், தேவர்குளம், திருநெல்வேலி. மத்தியான வெயிலில், டீசல் வாடையில், பாதித் தூக்கத்தில் அந்தப் பேர்கள் ஒன்றன் பின் ஒன்றாகப் போய்க்கொண்டே இருக்கும். ஏதாவது ஒரு பேரில் பக்கத்திலிருக்கிற முகம் லேசாக அசையும். அப்புறம் என்ன, அந்தப் பஸ்ஸில் ஏற வேண்டியதுதான்.

இந்தக் கிறுக்கு அவருக்கு வாலிபத்திலேயே பிடித்தது. ஒரு தபசுக்கு மறுநாள், வாய் திறக்காத கிழவர் ஒருவரோடு சும்மா உட்கார்ந்திருந்தபோது, 'கரிவலம்' என்று ஒரு கண்டக்டர் கத்தினார். கிழவர் எழுந்து நின்று சிரித்தார். பல் இல்லாத அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் சண்முகையாவுக்கு உடம்பெல்லாம் குளிர்ந்துவிட்டது. அதற்கப்புறம் காலையில் காப்பி குடித்துப் பழகினவனுக்கு அது கிடைக்காவிட்டால் தலை வலிக்கிற மாதிரி, அப்படி ஒரு முகத்தைப் பார்க்காவிட்டால் அவருக்கு எதுவும் ஓடாது.

ஊரில் வேறு மாதிரிச் சொன்னார்கள். எலெக்‌ஷனுக்கு நிற்கப் போகிறான் என்றார்கள் சிலர். புண்ணியம் தேடுகிறான் என்றார்கள் வேறு சிலர். வேலைக்கள்ளன் என்றாள் அவர் மனைவி பார்வதியம்மாள். சொல்லிவிட்டு, வருகிற ஆளுக்கும் சேர்த்து உலை வைத்தாள். யார் என்ன சொன்னாலும் சண்முகையா மறுக்கமாட்டார். ஒரு முகத்துக்காகத்தான் இவ்வளவும் என்று எப்படி வெளியில் சொல்வது? வெட்கக்கேடு.

எழுபத்தெட்டாம் வருஷத் தபசுக்கு வந்தவள்தான் மாரி. அவள் பேர் அதுவல்ல. கூட்டி வந்த அன்றைக்கு ஒரு தூறல் விழுந்தது, பார்வதியம்மாள் அப்படிக் கூப்பிட்டுவிட்டாள். முப்பது வயதுக்குள்தான் இருக்கும், கழுத்தில் தாலிக்கயிறு கிடந்தது. வாயைத் திறக்கவில்லை, ஆனால் தறிக்குத் தார்க்குச்சியில் நூல் சுற்றக் கொடுத்தால் இழை அறாமல் சுற்றினாள். தறிச் சத்தம் கேட்டபடியே சுவரில் சாய்ந்து தூங்குவாள். அவள் தூங்கும்போது வீட்டில் யாரும் சத்தமாகப் பேசுவதில்லை. ஐப்பசி மழை வந்து போயிற்று. எந்த ஊர்ப் பேருக்கும் அவள் முகம் அசையவில்லை.

தெருவில் வாய் சும்மா இருக்குமா? வயசுப் பெண்ணை வீட்டில் வைத்திருக்கிறானே என்று ஆரம்பித்தார்கள். பார்வதியம்மாளுக்கு அவளைப் பிடித்துத்தான் இருந்தது. ஆனாலும் தண்ணீர்க் குழாயடியில் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவதைக் கேட்டுவிட்டு வந்து அழுதாள். சீக்கிரம் ஊரைக் கண்டுபிடிக்காவிட்டால் ஆகாது என்று சண்முகையா தினமும் அவளைப் பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிப்போனார்.

மார்கழியில் ஒரு காலை. பனி விலகாமல் பஸ்கள் எல்லாம் பாதிதான் தெரிந்தன. எங்கிருந்தோ, புதிதாக விட்ட பஸ் ஒன்றின் கண்டக்டர் குரல், 'குருவிகுளம், குருவிகுளம்' என்றது. மாரியின் உடம்பு தூக்கிப் போட்டது. கண் அகல விரிந்தது. அடேயப்பா, இத்தனை நாள் காத்ததற்குக் கிடைத்துவிட்டது! சண்முகையா அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஓடிப்போய் ஏறினார். வழியெல்லாம் கரிசல்காடு பனிக்குள் மிதந்துகொண்டிருந்தது. அவர் சந்தோஷத்தில் தனக்குத்தானே பேசிக்கொண்டு வந்தார். அவள் கம்பியைப் பிடித்த பிடியை விடவேயில்லை.

குருவிகுளத்தில் இறங்கியதுமே டீக்கடையில் ஒருவர், "நம்ம தொரப்பாண்டி சம்சாரம்லா" என்று சொல்லி ஆளனுப்பினார். துரைப்பாண்டி வந்தான். ஒல்லியான, சாதுவான முகம். "வந்துட்டியாட்டி" என்று சிரித்தான். மாரி சண்முகையாவின் முதுகுக்குப் பின்னால் போய் அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள். அவள் நடுங்குவது அவர் முதுகில் தெரிந்தது.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. குளிக்கிறபோது பார்த்தேன், அவள் முதுகெல்லாம் சூட்டுத் தழும்பு கிடக்கிறது என்று பார்வதியம்மாள் ஒரு தடவைக்கு இரண்டு தடவை சொல்லியிருந்தாள். இவர்தான் காதில் வாங்கவில்லை. அசைந்த முகம் என்றால் அது வீட்டைக் கண்ட முகம், கல்யாணமான பெண்ணுக்குப் புருஷன் வீடுதானே வீடு என்று இருந்துவிட்டார். பயத்துக்கும் முகம் அசையும் என்பது இத்தனை வருஷத்தில் அவர் புத்திக்கு எட்டவில்லை. தன் ஆசைக்கு ஒரு பெண்ணைத் திரும்பக் கொண்டுவந்து தள்ளப் பார்த்தோமே என்று தன்னையே நொந்துகொண்டார்.

"நான் ஊரு மாத்திக் கூட்டிட்டு வந்துட்டேன் தம்பி. வாரோம்" என்றார்.

"என் பொண்டாட்டிய எனக்குத் தெரியாதா வே?" என்று துரைப்பாண்டி கையை நீட்டிக்கொண்டு கிட்டே வந்தான். சண்முகையா நகரவில்லை. சண்டை போட்டு அறியாத ஆள், அவளை மறைத்துக்கொண்டு நின்றார். டீக்கடைக்காரரின் மனைவி சங்கரம்மாள் கிளாஸ் கழுவிய கையோடு இறங்கி வந்து இரண்டு பேருக்கும் நடுவில் நின்றாள்.

"விட்டுருலே. போன தடவ அந்தப் பிள்ள பட்டது போதாதா?"

கடையில் இருந்தவர்கள் யாரும் அவன் பக்கம் எழுந்து வரவில்லை. துரைப்பாண்டி எல்லோர் முகத்தையும் பார்த்தான், நீட்டிய கையை மடக்கிக்கொண்டான். திரும்பி நின்ற பஸ்ஸில் மாரி முதலில் ஏறினாள்.

பஸ் ஊரைத் தாண்டியது. பனி விலகி, காடு முழுக்க இளவெயில் பரவியிருந்தது. கண்டக்டர் வந்து எங்கே போக வேண்டும் என்று கேட்டார். சண்முகையா சட்டைப் பையில் சில்லறையைத் துழாவிக்கொண்டிருந்தார்.

"சங்கரங்கோயிலு" என்றாள் மாரி. "ரெண்டு பேருக்கு."

பல நாள் பூட்டிக் கிடந்து கரகரத்த குரல். எந்த முகத்தைப் பார்க்க அவர் இத்தனை வருஷம் அலைந்தாரோ அந்த முகம் பக்கத்து சீட்டில்தான் இருந்தது. திரும்பிப் பார்க்க அவருக்குத் துணிவு வரவில்லை. ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு அழுதார். கண்டக்டர் இரண்டு டிக்கெட்டைக் கிழித்து அவள் கையில் கொடுத்துவிட்டு முன்னால் போனார்.