நாலு பத்துக்கு ஒரு வருகை

திருத்தணி பஸ் ஸ்டாண்டு அருகே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் சுதாகரிடம் வாய் கொடுத்துத் தப்பியவர்கள் குறைவு. எதைச் சொன்னாலும் "லிங்க் எங்க?" என்பான். எங்கள் கேரம் கிளப்பின் விதிகளை இணையத்தில் ஏற்றி வைத்தவன் அவன்தான். ஒவ்வொரு விதிக்கும் கீழே, அதை எந்தப் பக்கத்தில் எடுத்தான், யார் எழுதியது, என்றைக்குப் பார்த்தான் என்று குறித்து, தொட்டால் அந்தப் பக்கமே திறக்கும்படி செய்திருந்தான். எனக்கு அது வேலையற்ற வேலையாகப் பட்டது. காயைத் தட்டுகிறவனுக்கு அடிக்குறிப்பு எதற்கு?

மூன்று வருடம் முன்பு நடந்த போட்டியில் அவன்தான் அம்பயர். ஆர்.கே.பேட்டையில் விசைத்தறி ஓட்டும் பஞ்சாட்சரம், கடைசி போர்டில் சிவப்புக் காயையும் தன் காயையும் ஒரே அடியில் போட்டான். செல்லாது என்றான் சுதாகர். செல்லும் என்று விதியில் படித்துவிட்டுத்தான் வந்தேன் என்றான் பஞ்சாட்சரம். வழக்கமான கேள்வி வந்தது. பஞ்சாட்சரம் தன் செல்போனில் சேமித்திருந்த இணைப்பைத் தட்டினான். 'பக்கம் இல்லை' என்று வந்தது. கூட்டம் சிரித்தது, நானும் சிரித்தேன். சுதாகர் அந்த போனைக் கையில்கூட வாங்கிப் பார்க்கவில்லை. அப்போது மணி நாலு பத்து. அன்றிலிருந்து அவனுக்கு 'லிங்க் பஞ்சாட்சரம்' என்றே பேர். எட்டு மாதத்தில் மாரடைப்பில் போய்விட்டான்.

போன ஆவணியில் சுதாகர் தன் தளத்தின் வருகைப் பதிவைப் பார்த்திருக்கிறான். இல்லாத ஒரு பக்கத்தை யாரோ தினமும் மாலை நாலு பத்துக்குக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரே போன், பழைய மாடல். ஒரு நாள்கூடத் தவறவில்லை. பழைய பென் டிரைவில் தேடியபோது அந்தப் பக்கம் கிடைத்தது. 'ஒரே அடியில் விழுந்தால் செல்லும்.' சுதாகரே எழுதியது. பிறகு வேறு எங்கோ படித்துவிட்டு விதியை மாற்றியவன், பழைய பக்கத்தை அழித்திருக்கிறான். மாற்றிய தேதியை எங்கும் குறிக்கவில்லை. ஊரில் உள்ளவனிடமெல்லாம் தேதி கேட்டவன் இவன்.

என்னையும் இழுத்துக்கொண்டு ஆர்.கே.பேட்டை போனான். பஞ்சாட்சரத்தின் மனைவி தமயந்தி தறியை நிறுத்திவிட்டு வந்தாள். அவனுடைய போன் இப்போது யாரிடம் இருக்கிறது என்று கேட்டோம்.

"பீரோவுல கெடக்குதுங்க. சார்ஜ் போட்டே ரெண்டு வருசம் ஆவுது," என்றாள். "சாவுற வரைக்கும் தெனம் சாயந்திரம் அதையே தட்டிகினு இருப்பாரு. என்னைக்காவது தொறக்கும், எல்லாருக்கும் காட்டணும்னு சொல்லுவாரு."

எடுத்து வந்து காட்டினாள். அதே மாடல். பேட்டரி உப்பிப் பின்மூடி பிளந்திருந்தது. சுதாகர் தன் செல்போனில் வருகைப் பதிவைத் திறந்தான். தமயந்தியின் கையில் அந்த போன் இருண்டு கிடக்க, நாலு பத்துக்குப் புது வரி ஒன்று வந்து விழுந்தது. அவள் பார்ப்பதற்குள் சுதாகர் திரையை அணைத்தான்.

அன்றே பழைய பக்கத்தை அதே முகவரியில் ஏற்றினான். என்றைக்கு எழுதியது, என்றைக்கு அழித்தது என்று குறித்து, 'இந்த விதியை இங்கே பார்த்தவர்: பஞ்சாட்சரம், ஆர்.கே.பேட்டை. அவர் சொன்னது உண்மை. அம்பயர் சொன்னது தவறு' என்று சேர்த்தான். மறுநாள் நாலு பத்துக்கு அந்த போன் பதிவில் வந்தது. பதினோரு நிமிடம் இருந்தது. அதற்குப் பிறகு வரவே இல்லை.

விட்டது சனியன் என்றேன் நான். சுதாகரின் முகம் தெளியவில்லை.

"தப்புன்னு எழுதினேன். மன்னிச்சிக்கன்னு எழுதாம வுட்டுட்டேன்பா," என்றான்.

அதையும் எழுதிவிட்டான். இப்போது தினமும் நாலு பத்துக்கு, கடையில் யார் நின்றாலும், வருகைப் பதிவைத் திறந்து பார்க்கிறான். யாரும் வந்திருப்பதில்லை. உடனே தானே அந்த இணைப்பைத் தட்டுகிறான். வருகை ஒன்று என்று காட்டுகிறது.