கிணற்றில் தள்ளிய மஞ்சள் வேன்

கோபம் ஆறிய பிறகு எழுதலாம் என்று இருந்தேன். நாலு மாதம் ஆகிவிட்டது, ஆறவில்லை. ஆறாமலேயே எழுதுகிறேன்.

நெலிதா ஒர்மேஞோ எங்கள் கில்புவே ஊரில் பத்தொன்பது வருடமாகப் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். வயது ஐம்பத்தெட்டு. நான் யாஸ்னா. வண்டிக்குள் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. எந்த வீட்டு வாசலிலும் அவர் ஹாரன் அடிக்க மாட்டார். மூன்று நிமிடம் நின்று காத்திருப்பார். ஒவ்வொரு பிள்ளையின் பெல்ட்டையும் இரண்டு முறை இழுத்துப் பார்ப்பார். மேட்டு வளைவில் எந்தப் பிள்ளைக்கு வாந்தி வரும் என்று அவருக்குத் தெரியும், அதற்கு எலுமிச்சம்பழம் தயாராக இருக்கும். பிள்ளைகள் அவரை அத்தை என்பார்கள், பெற்றவர்களும் அத்தை என்பார்கள். நான் மட்டும் அக்கா என்பேன். அவருக்குப் பிள்ளை இல்லை, புருஷன் இல்லை. இருந்ததெல்லாம் அந்த மஞ்சள் வண்டியும் அதில் ஏறும் பதினாலு பிள்ளைகளும்தான்.

இனி அந்தக் கிணற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். எல் போசோ, கிணறு, என்று ஓர் இணைய மன்றம். அங்கே யாருக்கும் பெயர் கிடையாது. மெக்ஸிகோக்காரன், ஸ்பெயின்காரன், அர்ஜென்டினாக்காரன், நாங்கள், எழுதுகிற அத்தனை பேருக்கும் 'அனாமதேயம்' என்று ஒரே பெயர். பிஸ்கோ சாராயம் பெரு நாட்டுடையதா எங்களுடையதா என்று மூன்று நாள் இடைவிடாமல் திட்டிக்கொள்வார்கள். ஒரு கல்லூரிப் பெண்ணின் படங்களைப் போட்டுச் சிரித்ததற்காக அது இரண்டு முறை மூடப்பட்டது. இரண்டு முறையும் ஒரே வாரத்தில் வேறு முகவரியில் திறந்துகொண்டது. யார்மீதாவது கோபம் வந்தால் கீழே வரிசையாக எழுதுவார்கள்: 'கிணத்துல போடு.' அங்கே அதுதான் கைதட்டல். நாம் எழுதியதன் ஓரத்தில் 'நீ' என்று ஒரு சின்னக் குறி வரும், நம் ஃபோனில் மட்டும். எல்லோருக்கும் ஒரே பெயராக இருந்தால் எழுதியவனுக்கே எது தன்னுடையது என்று மறந்துவிடும் அல்லவா, அதற்காக.

எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். நானும் அங்கே போகிறவள்தான். பிள்ளைகளை இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில் வம்பு படிக்கப் போவேன்.

ஜூன் மாதம், நல்ல மழைக்காலம். ரயில் நிலையத்து வாசலில் மொஸ்தாசா என்று ஒரு தெருநாய் இருந்தது. ஊரே சோறு போட்டு வளர்த்த நாய், குளிருக்குச் சட்டைகூடத் தைத்துப் போட்டிருந்தார்கள். ஒருவன் அதற்கு விஷம் வைத்த சாஸேஜ் கொடுக்கும் வீடியோ கிணற்றில் வந்தது. நாய் செத்துப்போனது. நான் வேனுக்குள் உட்கார்ந்து அழுதேன். அழுதுகொண்டே நானும் எழுதினேன்: 'கிணத்துல போடு.'

ஒரே ராத்திரிக்குள் ஆளைக் கண்டுபிடித்தார்கள். தொப்பியில் இருந்த பட்டறைப் பெயரை வைத்துப் பிடித்தார்களாம். எலாதியோ சாவேத்ரா. முகவரி வாக்காளர் பட்டியலில் கிடைத்தது. அந்தப் பட்டியலை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். லோஸ் போல்தோஸ் சந்து, 1147.

அது நெலிதாக்காவின் வீடு. அக்காவுக்கு முன்னால் அங்கே குடியிருந்தவன் எலாதியோ, காலி செய்து நாலு வருடம் ஆகிறது. முகவரியை அவன் மாற்றவில்லை. எங்கள் நாட்டில் யார் மாற்றுகிறார்கள்? வீடு மாறுவோம், ஓட்டை மட்டும் பழைய ஊரிலேயே விட்டுவைப்போம். நெலிதாக்காவே இன்றும் ஓட்டுப் போடத் தன் பழைய ஊரான லிமாச்சேக்குத்தான் போகிறார். பள்ளித் தோழிகளைப் பார்த்து, எம்பனாதா தின்று, சாயங்காலம் ரயிலில் திரும்புவார். கிணற்றுக் கும்பலிலும் பாதிப்பேர் இப்படித்தான் இருப்பார்கள். ஆனால் அடுத்தவன் முகவரி என்றதும் பட்டியலில் இருப்பது வேதவாக்காகிவிட்டது.

திங்கட்கிழமை காலை நான் போனபோது வேன் முழுக்கச் சிவப்புப் பெயிண்ட் வழிந்துகொண்டிருந்தது. அக்கா மழையில் துடைப்பத்தோடு நின்றார்.

"கண்ணாடி போடலடி. என்ன எழுதியிருக்கு, படி."

"'நாய்க்கொலைகாரன்'னு எழுதியிருக்குக்கா."

"யாரு, நானா? கோழி கழுத்தத் திருகவே எனக்குக் கை நடுங்கும்."

அப்போதே அவர் ஃபோன் அடித்தது. வேனின் பின்பக்கத்தில் எழுதியிருக்கும் எண்ணுக்குத்தான் அழைப்பு. ஒலிபெருக்கியில் போட்டார். இளவட்டக் குரல்.

"எலாதியோவக் கூப்பிடு."

"அவரு நாலு வருஷம் முன்னாடியே காலி பண்ணிட்டுப் போயிட்டாரேப்பா."

"பொய் சொல்லாத கிழவி. பட்டியல்ல இருக்கு."

அக்காவுக்கு விஷயம் விளங்கியதும் முதலில் சிரித்துவிட்டார். "அப்ப என்னைத் தேடுறவன் லிமாச்சேக்குப் போயி என் தங்கச்சி புருஷன் வீட்டுச் சுவத்துல பெயிண்ட் ஊத்துவான். ஊத்தட்டும், அந்தாளுக்கு வேணும்."

மறுநாள் அந்தச் சிரிப்பு இல்லை. கிணற்றில் வேனின் படம் வந்துவிட்டது, ஃபோன் எண் தெளிவாகத் தெரிய. கீழே இப்படி இருந்தது: 'இந்த வண்டியை நான் தினமும் பார்க்கிறேன். ஓட்டுவது கொலைகாரனின் அம்மா. இதில் பிள்ளைகளை ஏற்றி அனுப்புகிறார்கள்.' எழுநூறு பதில். படம் அங்கிருந்து பெற்றோர்களின் வாட்ஸ்அப்புக்கு வந்தது. புதன்கிழமைக்குள் ஒன்பது பிள்ளைகள் நின்றுவிட்டார்கள். பத்தொன்பது வருடப் பழக்கத்துக்கு, 'மன்னிச்சுக்கோங்க அத்தை, பயமா இருக்கு' என்று ஒரு வரி மெசேஜ். அடுத்த செவ்வாய்க்கிழமை பெற்றோர் கூட்டம். இந்த வேனைப் பள்ளி வாசலில் இனி விடலாமா என்று அங்கே ஓட்டெடுப்பு. வாசல் போனால் வண்டி போயிற்று, வண்டி போனால் அக்காவுக்கு வேறு பிழைப்பில்லை.

ஐந்து பிள்ளைகள் மிஞ்சினார்கள். அதில் ஒருத்தி அம்பாரோ, ஆறு வயது. அவள் அப்பா ஃபாபியான் ட்ரோன்கோசோ நீலக் கேட்டில் நின்று எப்போதும்போல "காலை வணக்கம் அத்தை" என்று சொல்லிப் பிள்ளையை ஏற்றிவிட்டார். அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. வியாழக்கிழமை வீட்டில் கிண்டிய சீமைமாதுளை அல்வாவை டப்பாவில் போட்டு அவர் கையில் கொடுத்து, "நீ ஒருத்தன்தாம்பா மனுஷன்," என்றார். அந்த ஆள் அதை வாங்கிக்கொண்டார். வாங்கிக்கொண்டார் என்பதை இப்போது எழுதும்போதும் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

வெள்ளிக்கிழமை உண்மையான எலாதியோவை யாரோ பக்கத்து ஊரில் கண்டுபிடித்தார்கள். கிணற்றில் ஒருவன் 'ஸாரி கிழவி' என்று எழுதினான், கீழே நாற்பது பேர் சிரிப்புப் படம் போட்டார்கள். ஒரு மணி நேரத்தில் எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி பிஸ்கோ சண்டைக்குப் போய்விட்டார்கள். அழிவதற்குள் நான் பக்கங்களைப் படமெடுத்து வைத்தேன். பெற்றோர்களுக்கு அனுப்பினேன், யாரும் நம்பவில்லை. "பேரில்லாதவன் சொன்னதை எப்படி நம்புறது?" என்று ஒரு அம்மா எழுதினாள். குற்றம் சாட்டியவனுக்குப் பெயர் இருந்ததா, மகராசி?

அக்கா என் ஃபோனை வாங்கி அந்தப் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். ஓரிடத்தில் விரல் நின்றது. 'கிணத்துல போடு', பக்கத்தில் 'நீ'. என்னை ஒரு முறை ஏறிட்டுப் பார்த்தார். அடுத்த படத்துக்குப் போனார். அது வேனின் படம்.

"யாஸ்னா, இது தெருவுல நின்னு எடுத்ததில்லடி. உள்ளேருந்து எடுத்தது. இங்க பாரு, கேட்டுக் கம்பி. நீலம்."

கம்பிக்கு இந்தப் பக்கம் சின்னப்பிள்ளை சைக்கிளின் கைப்பிடி கொஞ்சம் தெரிந்தது. அதில் காகிதக் காற்றாடி. அதை அம்பாரோவுக்கு மடித்துக் கொடுத்தவர் அக்காதான்.

திங்கட்கிழமை அம்பாரோவை ஏற்றி, பெல்ட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்து, கதவைச் சாத்திவிட்டு அக்கா அந்த ஆளிடம் படத்தைக் காட்டினார். அவர் முகம் வெளிறியது.

"அவனோட அம்மான்னு நினைச்சிட்டேன் அத்தை."

"ரெண்டு வருஷமா உம்பொண்ணு என் வண்டியில வர்றா. எனக்குப் பிள்ளை இருக்கான்னு ஒரு வார்த்த கேட்டிருப்பியா?"

"எல்லாரும் எழுதினாங்க. நானும் ஒருத்தன்... நான் எழுதுனதுக்கு இதுவரைக்கும் யாருமே பதில் போட்டதில்ல அத்தை. அதுக்கு எழுநூறு பேர்..."

"சரி, அம்மான்னே வச்சுக்க. கொலைகாரன் அம்மா ஓட்டுற வண்டியில மறுநாள் காலையில உம்பொண்ண ஏன் ஏத்துன?"

தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "நீங்க நல்லா ஓட்டுவீங்க அத்தை."

எனக்கு அவர் கன்னத்தில் ஒன்று விட வேண்டும் போலிருந்தது. அக்கா ஆடாமல் நின்றார்.

"நாளைக்குக் கூட்டத்துக்கு வா. உன் பேரச் சொல்லி, நான் எழுதுனது பொய்யின்னு சொல்லு. அது போதும்."

"என் வேலை போயிடும் அத்தை. என் நிலைமையையும் யோசிங்க."

கூட்டத்துக்கு வந்தார். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தார். அக்கா எழுந்து நின்று பேசினார். "எலாதியோ எனக்கு யாருமில்ல. எனக்கு முன்னாடி அந்த வீட்டுல இருந்தவன், முகவரிய மாத்தல. உங்கள்ல எத்தன பேரு மாத்தியிருக்கீங்க? கைய தூக்குங்க பாப்போம்." அறுபது பேரில் நாலு கை எழுந்தது. கொஞ்சம் சலசலப்பு. "அந்தப் படத்தப் போட்டவன் இந்த அறையிலதான் இருக்கான். எந்திரிச்சு நில்லுன்னு கேக்குறேன். பேர நான் சொல்ல மாட்டேன்."

மூன்றாவது வரிசை அசையவில்லை. பிறகு ஓட்டெடுப்பு. அக்காவுக்கு ஆதரவாக முதலில் எழுந்த கை யாருடையது தெரியுமா? அந்த ஆளுடையது! அக்கா பக்கம் ஜெயித்ததும் கைவேறு தட்டினார்.

வெளியே வந்ததும் ஃபோனை எடுத்துவிட்டேன். கிணற்றைத் திறந்து அவர் பெயர், தெரு, நீலக் கேட்டு, எல்லாம் அடித்தாயிற்று. அனுப்புவதுதான் பாக்கி. அக்கா என் கையைப் பிடித்தார்.

"போட்டீன்னா நாளைக்கு அம்பாரோ வீட்டுக் கதவுல பெயிண்ட். துடைக்க நீ போவியா?"

"அப்ப அவன் அப்படியே தப்பிச்சிடணுமாக்கா?"

"யாரு விட்டா?"

மறுநாள் காலை நீலக் கேட்டு. வாசல் திரும்பக் கிடைத்ததால் நின்றுபோனவர்களில் நாலு பேர் வந்திருந்தார்கள், அம்பாரோவைச் சேர்க்காமலே வண்டியில் எட்டுப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். அந்த ஆள் மகளின் கையைப் பிடித்தபடி, "காலை வணக்கம் அத்தை," என்றார்.

அக்கா இஞ்சினை அணைத்தார். "யாரு?"

"நான்தான் அத்தை..."

"நான்தான்னா யாரு? முழுப்பேரு சொல்லு. அப்பா வழிக் குடும்பப் பேரு, அம்மா வழிக் குடும்பப் பேரு ரெண்டும். அடையாள அட்டை நம்பரும் சொல்லு. இனிமே பேரில்லாத ஆளுகிட்டேருந்து நான் பிள்ளையை வாங்கறதில்ல."

அவர் முனகினார். "கேக்கல," என்றார் அக்கா. எதிர்வீட்டுக்காரி வாசல் கழுவுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். பிள்ளைகளுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது, வண்டி நகரவில்லை. கடைசியில் காது சிவக்க, தெருவே கேட்கும்படி சொன்னார்: "ஃபாபியான் ட்ரோன்கோசோ வால்தெபெனீதோ." பிறகு நம்பர், ஒவ்வோர் இலக்கமாக. அக்கா அதை நோட்டில் எழுதிக்கொண்டு அம்பாரோவை ஏற்றினார். இன்றுவரை, வார நாள் ஒன்றுகூடத் தவறாமல், அந்தக் கேட்டில் இது நடக்கிறது.

அன்றைக்கு நான் கதவைச் சாத்திவிட்டுச் சிரித்துக்கொண்டே என் இடத்தில் உட்கார்ந்தேன். மனசு குளிர்ந்திருந்தது. வண்டி கிளம்பவில்லை. நிமிர்ந்தால், முன்கண்ணாடி வழியாக அக்கா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நோட்டு இன்னும் மடியில் திறந்தே இருந்தது.

"நீயும் சொல்லு," என்றார்.

பிள்ளைகள் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். யாஸ்னா இபாகாச்சே லெய்வா, என்று சொன்னேன். கேட்கவில்லை என்றார். இன்னும் சத்தமாகச் சொன்னேன், நம்பரோடு. எழுதிக்கொண்ட பிறகுதான் வண்டியை எடுத்தார்.