கப்பலுக்கு வைத்த பொட்டு

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பாதியை ஒரு போர்க்கப்பல் எட்டு மாதம் பிடித்துக்கொண்டிருந்தது. பெட்டியில் துண்டு துண்டாக வரும் பிளாஸ்டிக் மாடல். நிஜக் கப்பலில் முந்நூற்றைம்பதில் ஒரு பங்கு. நீளம் ஒரு முழத்துக்குக் கொஞ்சம் மேல். மீதிப் பாதியில் நானும் மனைவியும் சாப்பிட்டோம்.

நான் மஸ்ஜித் தானாவில் ஒரு பள்ளிக்கூடத்து ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். வீடு மலாக்கா டவுனை ஒட்டிய தெங்கேராவில். மனைவி வீட்டிலிருந்தே ரவிக்கை தைக்கிறாள். இந்த வயதில் எதற்குக் கப்பல் என்று பார்க்கிறவர்கள் கேட்கிறார்கள். மீன் பிடிக்கத் தூண்டிலோடு போகிறவனை யாரும் இப்படி நிறுத்திக் கேட்பதில்லை.

மனைவி கேட்கவே இல்லை. அதுதான் உறுத்தியது. மேசையைத் துடைக்கும்போது கப்பலைச் சுற்றித் துடைத்துவிட்டுப் போய்விடுவாள். ஒரு தரமாவது அவள் குனிந்து நின்று அதைப் பார்க்கவேண்டும் என்று எனக்கு ஆசை. வாய்விட்டுச் சொல்லவில்லை. கூப்பிட்டுக் காட்டினால் அது அவளாகப் பார்த்ததாகாது.

நடுவில் ஒரே ஒரு முறை வாயைத் திறந்தாள். கம்பத்துக்குக் கம்பம் போகும் கம்பிகளுக்கு அவளுடைய தையல் நூலையே எடுத்துக் கட்டியிருந்தேன். போகிற போக்கில், “இது என்ன, கம்பியா கம்பளிப்பூச்சியா?” என்றாள். பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தேன். நூல் முழுக்கப் பிசிறு. மூன்று நாள் வேலையை அறுத்துப் போட்டுவிட்டு, மிச்சமிருந்த பிளாஸ்டிக் குச்சியை மெழுகுவத்தியில் காட்டி, இளகியதும் மயிரிழையாக இழுத்து ஒட்டினேன். அதை அவள் பார்த்தாளா என்று தெரியவில்லை.

மேல்தளத்தைச் சுற்றி வரும் கைப்பிடிக் கம்பிகள் பித்தளைத் தகட்டில் வெட்டியவை. கொஞ்சம் பலமாக மூச்சு விட்டால் பறந்துவிடும். கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு ஒட்டினேன். கடைசியாகப் பளபளப்பை அடக்கும் ஒரு பூச்சு அடிக்கவேண்டும். ஈரக் காற்றில் அடித்தால் அது வெள்ளை பூத்துவிடும். மலாக்காவில் ஈரமில்லாத காற்றுக்கு எங்கே போவது? இரண்டு வாரம் வானத்தைப் பார்த்துக் காத்திருந்து, ஒரு சனிக்கிழமை வெயிலில் அடித்து முடித்தேன். அடுத்த வாரம் டவுனில் ஒரு கடைத்தொகுதியில் மாடல் கண்காட்சி. பெயர் கொடுத்திருந்தேன்.

இடையில் ஆயுத பூஜை வந்தது. எனக்கு வேலை நாள். சாயங்காலம் நான் வருவதற்குள் தையல் மெஷின், கத்தரிக்கோல், கிரைண்டர், மோட்டார் சைக்கிள் எல்லாவற்றுக்கும் மனைவி சந்தனம் குங்குமம் வைத்து முடித்திருந்தாள். என் காருக்காகத்தான் தட்டோடு காத்திருந்தாள். நான் மேசைப் பக்கம் போனேன். கப்பலின் மூக்கில், இரண்டு பக்கமும், சந்தனம். அதன் மேல் குங்குமம்.

பளபளப்பு அடக்கிய பூச்சு எதைத் தொட்டாலும் உறிஞ்சிக்கொள்ளும். மனைவியைக் கூப்பிட்டேன்.

“யார் தொடச் சொன்னா? இது என்ன லோரியா, பொட்டு வெக்க? இந்த வாரக் கடைசில கண்காட்சிலா!”

“உங்க வண்டி மாதிரிதானேன்னு வெச்சேன்லா. தொடச்சா போயிரும்.”

“போகாது! இதப் பத்தி ஒனக்கு என்ன தெரியும்? இனிமே என் சாமான்ல கை வெக்காத.”

அவள் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய்க் காருக்குப் பொட்டு வைத்தாள், டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்தாள். நான் காரை நகர்த்தினேன். பழம் நசுங்கியது. சடங்கில் ஒரு குறையும் இல்லை.

பிறகு பஞ்சுக் குச்சியைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு விளக்கடியில் உட்கார்ந்தேன். கிட்டே போனதும்தான் தெரிந்தது. பொட்டு ஒவ்வொன்றும் கடுகளவு. ஈர்க்கு நுனியால் வைத்திருக்கவேண்டும். பக்கத்தில் இருந்த கைப்பிடிக் கம்பிகளில் ஒன்றுகூட வளையவில்லை. கப்பல் நிற்கும் பலகையின் நான்கு மூலையிலும் நான்கு லீமாவ் கஸ்தூரி என்னும் குட்டி எலுமிச்சை, பொறுக்கி எடுத்த பொடிசுகள். காருக்குப் பெரிய எலுமிச்சை, கப்பலுக்கு அதன் உயரத்துக்குத் தக்க பழம். குனிந்து, ஆற அமரப் பார்க்காமல் இப்படிச் செய்ய முடியாது. எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த நிமிடமே எழுந்து போய் அவளிடம் சொல்லியிருக்கவேண்டும். சந்தனம் ஊறிவிடுமே என்று துடைத்துக்கொண்டிருந்தேன்.

சந்தனம் போனது, குங்குமம் போகவில்லை. அந்த இடத்தைத் தேய்த்துவிட்டு மறுபடியும் சாயம் அடித்தேன். கண்காட்சியில் பரிசு கிடைக்கவில்லை. நாலைந்து பேர் கைப்பேசியில் படம் எடுத்தார்கள். கல்யாணத் தையல் நிறைய இருக்கிறது என்று மனைவி வரவில்லை, நானும் வற்புறுத்தவில்லை.

மறு வருஷம் ஆயுத பூஜைக்கு லீவு போட்டேன். கப்பல் இப்போது கூடத்தில், கண்ணாடி அலமாரியில் இருக்கிறது. காலையிலேயே அதன் கதவைத் திறந்து வைத்தேன். அவள் மெஷினுக்கு வைத்தாள், கிரைண்டருக்கு வைத்தாள், மோட்டார் சைக்கிளுக்கும் காருக்கும் வைத்தாள். அலமாரியைத் தாண்டிப் போகும்போது, “கப்பலுக்கும் வெச்சிரேன்” என்றேன்.

“ஐயோ, வேணாம்லா. கெட்டுப் போயிரும். நீங்களே வெச்சுக்குங்க” என்று தட்டை என்னிடம் நீட்டினாள்.

அவள் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் சமாதானம் செய்திருப்பேன். தன் கை பட்டால் கப்பல் கெட்டுவிடும் என்று அவள் நிஜமாகவே பயந்தாள்.