சத்தம் போட்டுச் செய்த ஜெபம்

எனக்கு ஜெபம் செய்ய நன்றாக வரும். பெருமைக்குச் சொல்லவில்லை, அந்தப் பெருமைதான் என் குடியைக் கெடுத்தது. போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில் அப்போது கங்காணியாக இருந்தேன். கூலியாட்கள் குடியிருந்த லயத்து வீடுகளில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும், அவர்கள் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்களானாலும், என்னைத்தான் கூப்பிடுவார்கள். கண்ணை மூடினால் கால் மணி நேரம் நிற்காமல் வார்த்தை கொட்டும். ஆட்களை விரட்டிப் பழகிய தொண்டை வேறு.

என் மனைவிக்கு அது வேடிக்கை. அவள் ஜெபம் என்று உட்கார்ந்தால் உதடுகூட அசையாது. முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு சும்மா இருப்பாள். தூங்குகிறாயா என்று கேட்டால், "ஆண்டவருக்குக் காது நல்லாத்தேன் கேக்கும். நீங்க மெள்ளப் பேசுங்க" என்பாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும்.

எழுபதுகளின் கடைசியில் ஓர் ஐப்பசி. மூன்று நாள் காய்ச்சல் நெஞ்சில் இறங்கி, அவளுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. மதியம் தோட்டத்து ஜீப்பின் பின்சீட்டில் படுக்கவைத்து, போடி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். மெட்டைத் தாண்டி சில வளைவுகள்தான் இறங்கியிருப்போம். மண் சரிந்து ரோட்டை அடைத்துக் கிடந்தது. லாரிக்காரர்கள் வெட்டித் தள்ளிக்கொண்டிருந்தார்கள். டிரைவர் மலையடிவாரத்துச் சிலமலை ஊர்க்காரர். போய்ப் பார்த்துவிட்டு வந்து, ஒரு மணி நேரமாவது ஆகும் என்று சொல்லி இஞ்சினை அணைத்தார்.

நான் என்ன செய்வேன்? எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். ஜீப்புக்குள்ளேயே மண்டியிட்டேன். கோயில் பெஞ்சில் முழங்கை ஊன்றிய பழக்கத்தில், எதிர் சீட்டில் முழங்கையை ஊன்றி, அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கண்ணை இறுக மூடிக் கதறினேன். மழைச் சத்தத்தை மீறிக் கதறினேன். ஆமென் சொல்லித் திரும்பியபோது அவள் கண் திறந்தபடி கிடந்தது. மூச்சு இல்லை.

அடக்கமெல்லாம் முடிந்து சில வாரம் கழித்து அந்த டிரைவர் வந்தார். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அண்ணே, அக்கா ரெண்டு தடவ ஒங்களக் கூப்புட்டுச்சு. ஏங்க, ஏங்கன்னு. நீங்க சாமிகிட்டப் பேசிக்கிட்டு இருந்தீங்க. குறுக்க பேசப்படாதுன்னு இருந்துட்டேன்."

அவரை என்ன சொல்ல? மரியாதை தெரிந்த மனிதர். அந்த மரியாதையை ஊரெல்லாம் கட்டிவைத்தவன் நான்தான். பாவி, ஒரு தடவை மூச்சு வாங்க நிறுத்தியிருந்தால் என் காதில் விழுந்திருக்கும். தண்ணீர் கேட்டாளா, கையைப் பிடிக்கச் சொன்னாளா, தெரியாது. இனி யாரிடம் போய்க் கேட்பேன்?

அடுத்த ஞாயிறு போதகர் என்னை ஜெபிக்கச் சொன்னார். எழுந்து நின்றேன். வாய் திறந்தது, குரல் வரவில்லை. உட்கார்ந்துவிட்டேன். அன்றிலிருந்து கடைசிப் பெஞ்சில் பேசாமல்தான் இருக்கிறேன். எண்பதுகளில் வந்த புதுப் போதகர், மௌன ஜெபத்தின் அருமையைப் பிரசங்கித்து, என்னை எல்லோருக்கும் கைகாட்டினார். எனக்கு வெட்கமாக இருந்தது. அவளைப் போல இருக்கத்தான் பார்க்கிறேன். உள்ளே இரைச்சல் அடங்கினபாடில்லை.

ஆண்டவரிடம் இப்போது ஒன்றும் கேட்பதில்லை. கண்ணைக்கூட மூடுவதில்லை. அவர் கூப்பிட்டாலும் சரி, பக்கத்தில் இருக்கிறவர் கூப்பிட்டாலும் சரி, முதல் தடவையே திரும்பிவிட வேண்டும்.